ஒன்றேகால் திருப்பு

துப்பறியும் லிங்கசாமி தமது நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறார். ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது அந்தப் புதன்கிழமைதான்.

நீலகிரி மலையில் மான்கொம்பு எஸ்டேட்டிலிருந்து கட்டபெட்டுக்கு ஏறும் பாதையில் பதினொரு வளைவுகள். முதல் மூன்று வளைவையும் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டே ஏறியது. சூடு ஏறிய பிறகுதான் அதன் சுயரூபம் தெரிந்தது. நாலாவது வளைவில் திரும்புவதற்காக ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டார். வண்டி இரண்டு தடவை தொண்டையைச் செருமியது. ஏதோ சொல்ல வந்து, சொன்னால் வம்பு என்று முடிவு செய்தாற்போல அணைந்துவிட்டது. பதினேழு உதை. ஐந்தாவது வளைவிலும் அதே செருமல். இருபத்திரண்டு உதை. ஆறாவது வளைவில் உதைப்பதற்குக் கால் இல்லை. இருந்தது, ஆனால் அது தம்முடையதுதான் என்று லிங்கசாமியால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"சார்," என்றாள் பின்னால் குடையோடு நடந்து வந்த பிலோமி. "நடந்தா நான் வண்டிக்கு முன்னாடி போயிடறேன். ஏறி உக்காந்தா வண்டிக்குப் பின்னாடி போறேன். எது மரியாதை?"

"தள்ளறது மரியாதை."

"குடை நனைஞ்சிடும் சார்."

பிலோமி அவருடைய உதவியாளர். அதற்கு முன் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். வக்கீல் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே டைப் அடித்த குற்றத்துக்காக அங்கிருந்து நீக்கப்பட்டாள்.

அன்றைக்குப் பனிமூட்டம் சுமார்தான். கட்டபெட்டில் அசல் மூட்டம் என்றால் அது வேறு ரகம். அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு லாரி டிரைவர் மூட்டத்தைச் சுவர் என்று நினைத்துச் சாய்ந்து தூங்கிவிட்டான். ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் விழுந்து கை முறிந்தது. முறிந்த கையை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கதையில் சந்தேகத்துக்கு இடமில்லை. புதன்கிழமை மூட்டம் அந்த அளவுக்கு இல்லை. பத்தடி தள்ளி நின்ற தேயிலைச் செடி தெரிந்தது. தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த வண்டி ஏன் நிற்கிறது?

அந்த ஒரு கேள்வியில்தான் சின்னராஜின் வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னராஜ் மான்கொம்பு எஸ்டேட்டின் தபால்காரன். தினமும் காலையில் எஸ்டேட் வண்டியில் தபால் பையைக் குன்னூருக்குக் கொண்டுபோவான். திங்கட்கிழமை பையோடு தேயிலைச் சாம்பிள் பொட்டலங்களும் இருந்தன. பத்தரைக்குள் ஏல ஆபீசில் சேர வேண்டியவை. அவன் போய்ச் சேர்ந்தது ஒரு மணிக்கு. அந்த வார ஏலம் போய்விட்டது. வளைவுக்கு வளைவு வண்டி நின்றது, தள்ளினேன், உதைத்தேன், மறுபடி தள்ளினேன் என்றான் சின்னராஜ். குன்னூரில் காலைக் காட்சி பார்க்கப் போயிருப்பான் என்றார் எஸ்டேட் ஆபீசின் பெரிய ரைட்டர் ஆறுமுகசாமி. யார் சொல்வது நிஜம் என்று பார்க்க மேனேஜர் பவுல்ராஜ் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, புல்லின் மேல் உறைபனி உப்புப் போலக் கிடந்த நேரத்தில், தாமே ஷெட்டுக்குப் போய் வண்டியை உதைத்தார். சோக் கூடப் போடவில்லை. ஒரே உதை. வண்டி உயிர்பெற்று இரண்டு நிமிஷம் சமர்த்தாக ஓடியது. ஐம்பது பேர் பார்த்தார்கள்.

"இந்த வண்டியா நிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார் மேனேஜர்.

புதன்கிழமை நாலு மணிக்கு விசாரணை. பொய் சொன்னான் என்று எழுதிவிட்டால் வேலை போகும். வேலை போனால் மூன்று நாளில் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சின்னராஜின் மனைவி பேச்சியம்மா தற்காலிகமாகக் கொழுந்து பறிப்பவள். அவள் பேரில் வீடு கிடையாது. இரண்டு பிள்ளைகள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். குன்னூரில் குடை ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கும் லிங்கசாமியின் ஆபீசுக்கு அவள் வந்து நின்றபோது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"அவரு படம் பாக்கப் போனா தூங்கிடுவாருய்யா. காசு குடுத்துத் தூங்குற ஆளில்ல."

இதைவிட நல்ல அலிபியை லிங்கசாமி கேட்டதில்லை. ஆனால் விசாரணையில் செல்லாது.

"விசாரணைக்கு முன்னாடி வண்டியைப் பார்க்கணும்" என்று அவர் கேட்க, "மூணு மணி நேரம் எடுத்துக்குங்க, நாலு மணிக்கு ஷெட்ல நிக்கணும்" என்று மேனேஜர் சாவியை வீசினார். அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றேகால் மணி இந்த ஆறாவது வளைவிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் பிலோமி. "வண்டி நிக்குது. நம்ம கண்ணால பார்த்துட்டோம். இப்படியே திருப்பிக் கொண்டுபோய் மேனேஜரையே நாலு வளைவு ஓட்டச் சொல்லுங்க. அவரே தள்ளிட்டு வருவார். கேஸ் முடிஞ்சுது."

"ஏன் நிக்குதுன்னு கேட்டா?"

"வண்டியைக் கேக்கச் சொல்லுங்க."

லிங்கசாமி தலையை ஆட்டினார். காரணம் தெரியாமல் ஒரு கேஸை முடிப்பது அவருக்குப் பல் தேய்க்காமல் காப்பி குடிப்பதுபோல. அந்த ஒரு கௌரவம்தான் அன்றைக்கு அவர் காலை வாரியது. ஆனால் அது பிற்பாடு தெரிந்தது.

"கட்டபெட்டுல மாரப்பன் இருக்கார். வண்டி வைத்தியர். ஒரு தடவை காட்டிடுவோம்."

மீதி ஐந்து வளைவையும் தள்ளிக்கொண்டே ஏறினார்கள்.

மாரப்பனின் பட்டறை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மாரப்பனுக்கு அறுபது வயது இருக்கும். நீலகிரியில் அவர் கை படாத வண்டி இல்லை. அவரிடம் ஒரே ஒரு பழக்கம்: வேலை முடிகிற வரை பேசமாட்டார். ஸ்க்ரூ டிரைவரைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு வேலை செய்வதால் வந்த பழக்கம் அது. நாளடைவில் வாயில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாத சமயத்திலும் அதே கொள்கை. அவருக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு வழியில் ஒரு ஜீப் ரிப்பேர் ஆகி, அவர் "பிடிச்சிருக்குங்க" என்று சொல்வதற்கு மூன்று நாள் ஆயிற்று என்று கோத்தகிரிப் பக்கம் சொல்வார்கள்.

லிங்கசாமி விஷயத்தைச் சொன்னார். வளைவில் மெதுவாகப் போனால் நிற்கிறது, வேகமாகப் போனால் ஓடுகிறது, காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது, சூடானால் சாகிறது. மாரப்பன் கேட்டுக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவர் வாய்க்குள் போயிற்று. அவ்வளவுதான், கதவு சாத்திவிட்டது.

முதலில் டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கறார்" என்றார் லிங்கசாமி.

பாட்டிலின் அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மாரப்பன் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"முதல் ஆள் விடுதலை" என்றாள் பிலோமி.

அடுத்து, வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு, கார்பரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டார். இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனால் அங்கே சத்தம் மாறும். மாறவில்லை.

"ரெண்டாவது ஆளும் வீட்டுக்குப் போயாச்சு."

பிறகு கார்பரேட்டரின் வயிற்றைத் திறந்து, கொசு மூக்கு அளவுக்கு ஓட்டையுள்ள ஒரு பித்தளைத் துண்டை எடுத்தார். மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடுகிற ஸ்லோ ஜெட். வாயால் ஊதினார். வானத்தை நோக்கி வைத்து ஒரு கண்ணால் பார்த்தார். ஓட்டை வழியே வானம் தெரிந்தது போலிருக்கிறது, திருப்தியாக மாட்டிவிட்டார்.

"மூணாவது ஆள் மேல கேசே இல்ல. சார், மிச்சம் இருக்கறது நீங்களும் நானும்தான். நான் பின்னாடி நடந்துதான் வந்தேன்."

நாலாவதாக ப்ளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரியைப் பொடித்துப் பூசினாற்போல அது கறுத்திருந்தது. மாரப்பன் மோந்து பார்த்தார். முதல்முறையாக அவர் புருவம் உயர்ந்தது. லிங்கசாமியும் மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் மாரப்பன் உப்புத்தாளை எடுத்து ப்ளக்கைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் அது கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு போலப் பளபளத்தது.

கடைசியாக, கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உள்பக்கமாகத் திருப்பினார். ஒரு முழுச் சுற்று. தலையை ஒரு தடவை ஆட்டினார். இன்னும் கொஞ்சம், திருகு முட்டி நின்றது. "ம்ஹ்ம்" என்றார். பிறகு வெளிப்பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. இன்னும் ஒரு பாதி.

உதைத்தார். வண்டி கிளம்பியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை முழுசாக எடுத்துவிட்டார். டுப்... டுப்... டுப்... டுப்... என்று, பரம்பரைப் பணக்காரன் வெற்றிலை மெல்லுவதுபோல, அவசரமே இல்லாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டாங்கின் மேல் ஒரு டம்ளர் டீயை வைத்தார். டீ ஆடவில்லை. அந்த டீயையே எடுத்துக் குடித்துவிட்டு, வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, இந்த வண்டியக் கீழ கொண்டுபோனது யாருங்க?"

"கீழயா?"

"மேட்டுப்பாளையமுங்க. நமக்குக் கீழன்னா அதுதானுங்களே." மாரப்பன் திருகைக் காட்டினார். "இது காத்துத் திருகுங்க. கீழ காத்து குண்டன். இங்க மேல காத்து நோஞ்சானுங்க. ரெண்டு ஊருக்கும் ஒரே அளவு பெட்ரோல ஊட்டுனா நோஞ்சானுக்குச் செரிக்குமுங்களா? அதனால இங்க திருகை ரெண்டரைத் திருப்புத் தொறந்து காத்த அதிகமா விடோணும். இந்த வண்டிய தீவாளிக்கு ரெண்டரைல வெச்சது இந்தக் கைதானுங்க. இப்பப் பார்த்தா ஒன்னேகால்ல கெடக்குது. அது மேட்டுப்பாளையத்துக்காரன் கணக்குங்க. ஒவ்வொரு சீசனுக்கும் மேல வர்ற டூரிஸ்ட்டு வண்டியெல்லாம் இந்த ஒன்னேகால்லதான் வந்து மூச்சு முட்டி நிக்கும்."

"ஆனா காலைல சோக் இல்லாம ஒரே உதையில..."

"அதேதானுங்க நோய்!" மாரப்பன் தொடையில் தட்டினார். "உறைபனி விழுற காலைல சோக் போடாம எந்த வண்டியாச்சும் கெளம்புமுங்களா? சோக்குன்னா பெட்ரோல அதிகமாக் குடுக்கறது. இது ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சிருக்குதுங்க. குடிகாரனக் காலைல எழுப்பிப் பாருங்க, தெளிவாத்தான் பேசுவான். வெயில் ஏறுனாத்தான் கவுந்துக்குவான்."

ஐம்பது பேர் முன்னால் மேனேஜர் உதைத்த அந்த ஒரே உதை, சின்னராஜ் பொய்யன் என்பதற்குச் சாட்சியாக நின்ற அந்த உதைதான், அவன் சொன்னது நிஜம் என்பதற்குச் சாட்சி!

"பிலோமி! சனிக்கிழமை சாயங்காலம் சின்னராஜ் வண்டியை ஷெட்ல விடும்போது நல்லா இருந்தது. திங்கட்கிழமை காலைல கெட்டிருந்தது. நடுவுல ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை ஷெட் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"ஆபீஸ்ல. பெரிய ரைட்டர்கிட்ட."

"எஸ்டேட் வண்டியைச் சொந்த வேலைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியார் தாண்டி ஓட்டினா வேலை போயிடும்னு போர்டே மாட்டியிருக்கு. போனவர் வாயைத் திறக்கமாட்டார். அதனாலதான் சின்னராஜ் மேல இந்தக் காலைக் காட்சிக் கதை!"

"சார்," என்றாள் பிலோமி. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "வண்டி நிக்கல."

"ஆமா, பிரமாதமா ஓடுது."

"அதான் சார் சொல்றேன். நிக்கல."

டுப்... டுப்... டுப்... என்றது வண்டி.

லிங்கசாமி அந்தக் கறுத்த ப்ளக்கை நினைத்தார். இப்போது அது என்ஜினுக்குள்ளே பளபளத்தது. திருகைப் பார்த்தார். ஒன்றேகால் என்பது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒரு தும்மல் எங்கே இருந்தது என்று மூக்கில் தேடுவதைப் போல இருந்தது. வண்டியின் வேகத்தையும் ஓடிய தூரத்தையும் காட்டும் மீட்டரைப் பார்த்தார். அதன் முள் எழுபத்தொன்பதாம் வருஷத்திலிருந்து நாற்பதில் நிற்கிறது, வண்டி ஷெட்டில் தூங்கும்போதும். குற்றவாளியைக் கண்டுபிடித்த அதே நிமிஷத்தில், தம் கையாலேயே கூட்டிக்கொண்டு வந்து, குற்றத்தைக் குணப்படுத்தியாகிவிட்டது.

"திரும்பவும் ஒன்னேகால்ல வெச்சிடுங்களேன்" என்றாள் பிலோமி.

மாரப்பன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி பண்ணுன வண்டியக் கெடுக்கற கை இல்லீங்க இது."

"அவர் பண்ணினாலும் பிரயோஜனமில்ல" என்றார் லிங்கசாமி. "இந்தத் திருகை யார் கடைசியாத் தொட்டதுன்னு கேட்டா நாமன்னுதான் சொல்லணும். நிஜத்தையே நாம பொய்யாத் தயார் பண்ணின மாதிரி ஆயிடும்."

"நீங்க வந்து சொல்றீங்களா, மாரப்பண்ணா?" என்று கேட்டாள் பிலோமி.

"சொல்றேனுங்க. ஆனா சின்னராசு என்ற சேக்காளின்னு கட்டபெட்டுல காக்காக்கும் தெரியும். எஞ்சொல்ல யாருங்க எடுப்பாங்க?"

மணி மூன்றே கால். திரும்பி இறங்கும்போது பதினொரு வளைவிலும் லிங்கசாமி ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுப் பார்த்தார். ஒரு வளைவிலாவது நிற்காதா என்று. நிற்கவில்லை. தம் ஆயுளில் நல்ல வண்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து இவ்வளவு துக்கப்பட்ட ஆள் நீலகிரியில் அவர் ஒருவர்தான்.

எஸ்டேட் ஆபீஸ் வாசலில் சின்னராஜும் பேச்சியம்மாவும் நின்றிருந்தார்கள். மேனேஜர் பவுல்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, வண்டியை வாங்கி, மேல் ரோட்டில் நான்கு வளைவு ஏறித் திரும்பி வந்து நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் அணைக்கவில்லை. அது பாட்டுக்கு டுப் டுப் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

லிங்கசாமி நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒன்றேகால், இரண்டரை, நோஞ்சான் காற்று, சோக். ரைட்டர் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல ஆதாரம் இல்லை. மேனேஜர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"லிங்கசாமி, நீங்க மரியாதையான மனுசன். ஆனா அந்தப் பொம்பளை கூட்டிட்டு வந்த ஆளு. கெட்டுப்போன வண்டியைக் காட்டுங்கன்னா, நல்ல வண்டியைக் காட்டி, இது கெட்டிருந்துச்சுன்னு சொல்றீங்க. கம்பெனிக்கு நான் என்னன்னு எழுதறது?"

சின்னராஜ் ஓடுகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷம் கூடவே இருந்த மாடு, பஞ்சாயத்தில் எதிராளி பக்கம் போய் நின்றுகொண்டதுபோல ஒரு பார்வை. பேச்சியம்மாதான் லிங்கசாமி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"ஐயா, உங்ககிட்ட வந்தது வண்டியச் சரி பண்ணவாய்யா?"

லிங்கசாமி பிலோமியைப் பார்த்தார். பிலோமி குடையை மடித்துக் கட்டினாள்.

உள்ளே ஆறுமுகசாமி விசாரணைப் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆபீசில் ரைட்டர். அவர் எழுதிய காகிதத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. காலிக் கட்டம் கண்டால் அவருக்குச் சட்டைப் பொத்தான் கழன்றதுபோல இருக்கும். ஒரு தடவை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு "தொழில்" என்ற கட்டத்தில் "அழுகை" என்று எழுதியிருக்கிறார்.

"சின்னராஜ், இதுல கையெழுத்துப் போடு" என்றார் மேனேஜர்.

சின்னராஜுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. "அவன் சார்பில் நான் ஒரு தடவை படிச்சுப் பார்க்கிறேன்" என்று லிங்கசாமி காகிதத்தை வாங்கினார். வேறு ஒன்றும் செய்ய இல்லாததால் வாங்கினார். தோற்ற வக்கீல் தீர்ப்பைப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தார். சம்பவம் நடந்த நாள்: திங்கள். தாமதம்: இரண்டரை மணி நேரம். விசாரணையன்று வண்டியின் நிலை: நன்று. அதற்கடுத்த கட்டம்: சம்பவத்துக்கு முந்தின நாள் வண்டியின் நிலை.

அதிலும் முத்து முத்தாக எழுதியிருந்தது. "நன்று. ஸ்லோ ஸ்பீடும் அணையாமல் நன்கு நின்றது."

லிங்கசாமி மறுபடி படித்தார். முந்தின நாள் என்றால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வண்டி பூட்டிய ஷெட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

"ரைட்டர் சார், ஞாயித்துக்கிழமை ஸ்லோ ஸ்பீடு நல்லா நின்னுதுன்னு எழுதியிருக்கீங்களே. யார் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தது?"

ஆறுமுகசாமியின் பேனா நின்றது.

"எழுதோணும்னு... கட்டம் இருந்துதுங்க."

"சும்மா எழுதினீங்களா?" என்றார் மேனேஜர். அவருக்குப் பொய்யான பதிவு என்றால் ஆகாது. "பார்க்காம எழுதினீங்களா, ரைட்டரே?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஆறுமுகசாமியின் காது சிவந்தது.

"பார்க்காம நான் ஒரு எழுத்து எழுத மாட்டேனுங்க சார். நானே ஓட்டிப் பார்த்தனுங்க. கீழ வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"கீழ் டிவிஷனுக்கா? ஞாயித்துக்கிழமைகூடவா?" மேனேஜரின் முகம் மலர்ந்தது. "பாருங்க லிங்கசாமி, இதான் சின்சியாரிட்டி. எழுதிக்குங்க ரைட்டரே, கீழ் டிவிஷன் வரைக்கும்னு."

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கீழே என்றால் தோட்டத்தின் அடிப்பகுதியான கீழ் டிவிஷன், வேறு ஒன்றும் இல்லை. ஆறுமுகசாமி கோயமுத்தூர்க்காரர், அவருக்குக் கீழே என்றால் மேட்டுப்பாளையம். ஒரு சொல் அவரைப் பிடித்துக் கொடுக்க வந்து, அதே சொல் அவரைக் காப்பாற்றியும் விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"சின்னராஜ் வீட்டைப் பார்க்கக் கீழ் டிவிஷனுக்கு நான் காலைல போனேன்" என்றாள் பிலோமி, யாரையும் பார்க்காமல். "ரோடு இல்லையே. இருநூத்திப் பன்னெண்டு படி. எண்ணிட்டே எறங்கினேன். மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை முழங்காலு சார்?"

வாசலில் வண்டி மட்டும் டுப் டுப் என்றது.

பேனா மூடியை மாட்டி மேஜைமேல் வைத்தார் ஆறுமுகசாமி. "மேட்டுப்பாளையத்துக்குங்க" என்றார்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்சவேணி அவங்கப்பாரு ஊட்டுக்குப் போயி எட்டு மாசம் ஆச்சுங்க. என்ற சம்சாரம். போன மாசம் பஸ்ஸுல போனேன், கதவத் தொறக்கல. இந்தத் தடவை வண்டி எடுத்துட்டுப் போனனுங்க. வாசல்ல வண்டி ஓடிட்டே நின்னா, கூட்டிட்டுப் போகத் தயாரா வந்திருக்கான்னு தெரியுமில்லீங்களா. ஆனா கீழ எறங்குனதும் ஸ்லோல அணையாம நிக்கவே மாட்டேன்னுடுச்சு. அவ ஊட்டு வாசல்லயே மூணு தடவை அணைஞ்சு போச்சு. மாமனார் ஜன்னல்ல நின்னு சிரிச்சார். முக்குல ஒரு மெக்கானிக்குகிட்டக் காட்டித் திருகிட்டு வந்தேன். அப்பறம் அணையாம நின்னுச்சுங்க. ரொம்ப நல்லா நின்னுச்சு."

"வந்தாங்களா?" என்று கேட்டாள் பிலோமி.

"அம்சவேணி கதவத் தொறந்து, சத்தம் தாங்கல, ஆஃப் பண்ணுங்கன்னாளுங்க. அதுதான் எட்டு மாசத்துல மொதப் பேச்சு. ஆஃப் பண்ணுனேன். ஒரு டம்ளர் காப்பி குடுத்தாளுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்கன்னாளுங்க."

"திரும்பி வரும்போது வண்டி நின்னிருக்குமே" என்றார் லிங்கசாமி.

"பர்லியார் தாண்டுனதும் செரும ஆரம்பிச்சுதுங்க."

"அப்போ திங்கட்கிழமை இவன் வந்து சொன்னப்ப உங்களுக்குத் தெரியும்."

ஆறுமுகசாமி சின்னராஜைப் பார்க்கவில்லை. "தெரியுமுங்க" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வண்டி வேணும்னு இருந்தனுங்க."

மேனேஜர் ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். பேச்சியம்மா வாசல்படியில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கு அவள் புருஷனை வீட்டைவிட்டு அனுப்ப இருந்த மனிதர், இப்போது எதையும் பார்க்காததுபோல இருந்துவிட முடியாது. அது அவருக்கும் தெரிந்தது.

"சின்னராஜ், நீ வேலைக்குப் போகலாம்" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ரைட்டரே, நடந்ததை எழுதுங்க. இன்னிக்குத் தபால்லயே குன்னூர் கம்பெனி ஆபீசுக்குப் போகணும். எழுதறதுக்கு... இங்க வேற ஆள் இல்ல."

ஆறுமுகசாமி புதிய படிவம் ஒன்றை எடுத்தார். தம் பெயரை எழுதினார், பதவியை எழுதினார், செய்த குற்றத்தை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. எல்லோரும் அந்தக் கட்டத்தையே பார்த்தார்கள்.

"அத விட்டுடுங்க ரைட்டரய்யா" என்றான் சின்னராஜ். விசாரணையில் அவன் பேசிய முதல் வார்த்தை.

ஆறுமுகசாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

காகிதத்தை மடித்து உறையில் போட்டு, அரக்கை உருக்க மெழுகுவர்த்தி ஏற்றினார். சின்னராஜ் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கடைசித் தபால் குன்னூரில் ஆறு மணிக்கு. பேச்சியம்மா லிங்கசாமியைக் கும்பிட்டாள். அவர் கையைத் தூக்கவும் முடியாமல் தாழ்த்தவும் முடியாமல் நின்றார்.

உள்ளே அரக்கு உருகுவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. ஆறுமுகசாமி அவசரப்படவில்லை. சின்னராஜும் ஹாரன் அடிக்கவில்லை. இந்த ஒரு தடவை, இந்த ஒரு ஐந்து நிமிஷம், வண்டி அணைந்துபோய் இருபது உதை வாங்கி, அந்த உறை ஆறு மணித் தபாலைத் தவறவிட்டால் தேவலை என்று லிங்கசாமிக்குத் தோன்றியது. மேனேஜருக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஒரு செருமல்கூடச் செருமாமல் ஓடிக்கொண்டே இருந்தது.